நெரிசலில் புரதம் ஏன் திரள்கிறது?

குமரி மாவட்டத்தில் குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியைச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியும் முன்பே பட்டையைச் சீவிவிட்டு வருவார்கள். சிரட்டையில் சொட்டுச் சொட்டாக இறங்கிய பாலை, வெயில் ஏறுவதற்குள் வாளியில் சேர்த்து எடுத்து வருவார்கள். அரித்து, தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி, நீர்த்த ஃபார்மிக் ஆசிட்டை விட்டுக் கலக்கி வைப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து விரலால் தொட்டுப் பார்த்தால் பால் இருக்காது. இளநீர் வழுக்கை மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி ஆடிக்கொண்டிருக்கும். அதை மெஷினில் கொடுத்து ஷீட்டாக அடித்து, கொடியில் காயப்போடுவார்கள்.

டிஷ்ஷுக்குள் நடந்ததை நிதானமாக யோசித்துப் பாருங்கள். புதிதாக ரப்பர் எதுவும் உள்ளே வரவில்லை. மரத்திலிருந்து வரும் பாலில் எடைக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ரப்பர் ஏற்கெனவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக அது மிதக்கிறது. ஒவ்வொரு துகளையும் சுற்றிப் புரதமும் கொழுப்பும் கலந்த மெல்லிய தோல் உண்டு. அந்தத் தோலில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. ஆசிட் அந்த மின்னூட்டத்தை அணைத்துவிடுகிறது. தள்ளும் விசை போனதும் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. தனியாக மிதந்தவை ஒன்றுசேர்ந்து கட்டியாகிவிட்டன. இதற்குத்தான் திரள்தல் என்று பெயர்.

என் அக்கா மகள் பி.எஸ்சி. படிக்கிறாள். அவளுடைய அப்பா வழிப் பாட்டிக்கு மறதி நோய். பேத்தியின் பெயரே சில நாட்களில் நினைவுக்கு வராது. ஒருநாள் டிஷ்ஷில் பால் உறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: “மாமா, பாட்டிக்கு மூளையில புரதம் படிஞ்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரே, அதுவும் இப்படித்தான் உறையுமா?”

நல்ல கேள்வி. பாதி ஆமாம், பாதி இல்லை. அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் புரதம். இருபது வகை மணிகளை ஒரு நூலில் கோத்த மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிகள்தான் அமினோ அமிலங்கள். மாலை நீளவாக்கில் கிடக்காது. சுருண்டு மடிந்து தனக்கென்று ஒரு வடிவத்துக்கு வரும். நூல் எந்தெந்தக் கோணத்தில் திரும்பலாம், எங்கே திரும்ப முடியாது என்பதை 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் ஒரு வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். இன்றைக்கும் உலகத்தில் எந்த மூலையில் புரதத்தைக் கணினியில் உருவாக்கினாலும், வடிவம் சரியா என்று பார்க்க அந்த ராமச்சந்திரன் வரைபடத்தில்தான் வைத்துப் பார்க்கிறார்கள்.

மணிகளில் சில தண்ணீரை விரும்பும், சில வெறுக்கும். ஒழுங்காக மடிந்த புரதத்தில், தண்ணீரை வெறுக்கும் மணிகள் பெரும்பாலும் உள்ளே ஒளிந்துகொள்ளும். மடிப்பு அவிழ்ந்தால், அல்லது நிலையான மடிப்பே இல்லாத புரதமாக இருந்தால், அந்த மணிகள் வெளியே தெரியும். அப்போது பக்கத்தில் இருக்கும் இன்னொரு புரதத்தின் அதேபோன்ற பகுதியோடு ஒட்டிக்கொள்வது அவற்றுக்கு லாபம். இரண்டு மூன்றாகி, மூன்று பத்தாகி, கடைசியில் நீளமான நாராக வளரும். அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா என்ற 40 அல்லது 42 மணிகள் உள்ள சின்னப் புரதம் இப்படித் திரள்கிறது. பார்க்கின்சன் நோயில் ஆல்ஃபா சைனூக்ளின் என்ற 140 மணிப் புரதம். அலாய்ஸ் அல்சைமர் 1906-லேயே ஒரு நோயாளியின் மூளையில் இந்தப் படிவுகளைப் பார்த்து விவரித்துவிட்டார்.

இங்கே ரப்பர் பாலுக்கும் புரதத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு. ஆசிட் விழுந்ததும் பால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கட்டியாகிறது. புரத நார் அப்படி வளராது. அது பனங்கற்கண்டு மாதிரி. அக்கானியை, அதாவது பதநீரை, காய்ச்சிப் பானையில் ஊற்றி, நூலைத் தொங்கவிட்டு மூடி வைத்தால் முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. முதல் சின்னப் படிகம் உருவாவதுதான் கஷ்டம். அது உருவாகிவிட்டால் அதன்மேல் மற்றது வந்து உட்காருவது எளிது. புரதத்திலும் அந்த முதல் கரு உருவாகும்வரை நீண்ட காத்திருப்பு. அப்புறம் மளமளவென்று வளர்ச்சி. நெரிசலைப் பற்றிப் பேசும்போது இந்தக் காத்திருப்பு நேரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் முக்கியமாகக் கைவைப்பது அதில்தான்.

சரி, எந்த நெரிசல்? பள்ளிப் புத்தகத்தில் செல்லின் படம் பார்த்தால், நடுவில் ஒரு நியூக்ளியஸ், அங்கங்கே இரண்டு மூன்று உறுப்புகள், மற்றபடி காலி இடம் என்று இருக்கும். உண்மையில் அங்கே அப்படிக் காலி இடம் கிடையாது. ஈ. கோலை பாக்டீரியாவின் செல்லுக்குள் ஒரு லிட்டருக்கு 300 முதல் 400 கிராம் வரை புரதமும் ஆர்.என்.ஏ.வும் போன்ற பெரிய மூலக்கூறுகள் இருக்கின்றன. மூன்றில் ஒரு பங்கு சரக்கு, மீதி தண்ணீர். ரப்பர் பாலில் பார்த்த அதே கணக்கு. ஆனால் சோதனைக்குழாயில் புரதத்தை ஆராய்பவர்கள் பெரும்பாலும் லிட்டருக்கு ஒரு கிராம், அதற்கும் குறைவு என்று தண்ணீராகக் கரைத்து வைத்துக்கொண்டுதான் பல காலம் ஆராய்ந்தார்கள். அதில் தெரிந்தது செல்லுக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று நம்ப முடியாது.

நெரிசல் என்ன செய்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் நம் ஊர் பஸ். ஓணத்தை ஒட்டிய நாட்களில் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறியிருப்பீர்கள். நிற்கவே இடமில்லை. அதில் இரண்டு பேர் ஆளுக்கொரு நேந்திரன் குலையோடு ஏறிவிட்டார்கள். ஒரு குலை படிக்கட்டுப் பக்கம், இன்னொன்று பஸ்ஸின் நடுவில். குலை பிடிக்கும் இடம் கொஞ்சம்தான். ஆனால் அதைச் சுற்றி ஒரு சாண் இடம் யாருக்கும் உதவாது. அங்கே ஒரு ஆள் நிற்க முடியாது, அதேநேரம் அது காலியாகவும் கிடக்கிறது. கண்டக்டர் குரல் கொடுப்பார்: “அண்ணே, அந்தக் குலைய இந்தக் குலையோட சேத்து வையுங்க.” சேர்த்து வைத்ததும், இரண்டையும் சுற்றியிருந்த வீண் இடங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. மிச்சமாகும் இடத்தில் ஒரு ஆள் தாராளமாக நிற்கலாம்.

குலைக்கும் குலைக்கும் நடுவில் எந்த ஈர்ப்பும் இல்லை என்பதைக் கவனியுங்கள். அவை சேர்ந்ததால் லாபம் மற்றவர்களுக்குத்தான். மூலக்கூறு உலகத்தில் கண்டக்டர் கிடையாது. அங்கே எல்லாமே ஓயாமல் முட்டி மோதி அலைகின்றன. இரண்டு புரதங்கள் தற்செயலாகச் சேர்ந்திருக்கும் நிலையில் மற்ற மூலக்கூறுகள் நிற்கக்கூடிய வழிகள் அதிகம். பிரிந்திருக்கும் நிலையில் குறைவு. வழிகள் அதிகமுள்ள நிலையில்தான் எந்தக் கூட்டமும் அதிக நேரம் இருக்கும். என்ட்ரோபி என்று பயமுறுத்தும் சொல் இங்கே சொல்வது இவ்வளவுதான். அசகுரா, ஊசாவா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1954-லேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆலன் மின்டன் என்ற அமெரிக்கர் இதை உயிரியலுக்குக் கொண்டுவந்து, 1981 வாக்கில் ‘பெருமூலக்கூறு நெரிசல்’ என்ற பெயரையும் நிலைக்கச் செய்தார்.

எவ்வளவு பெரிய விளைவு இது? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டியில் 30 சதவீத இடத்தை ஒரே அளவு உருண்டைகள் பிடித்திருக்கின்றன, அவை அலைந்துகொண்டே இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதம் காலி. இப்போது கண்ணை மூடிக்கொண்டு பெட்டிக்குள் ஏதோ ஒரு இடத்தைச் சுட்டுங்கள். மிக மிகச் சின்னப் புள்ளி என்றால் 100-க்கு 70 முறை காலி இடத்தில் விழும். ஆனால் அதே அளவுள்ள இன்னொரு உருண்டையை அங்கே வைக்க வேண்டுமென்றால்? 70 இல்லை, 50 இல்லை. 1000 முறை முயன்றால் 8 முறைகூட இடிக்காமல் வைக்க முடியாது. காலியாகத் தெரியும் இடமெல்லாம் துண்டு துண்டான சந்துகள். பஸ்ஸில் ஜன்னல் கம்பிக்கும் சீட்டுக்கும் நடுவில் எவ்வளவோ காற்று இருக்கிறது. அதில் நீங்கள் நிற்க முடியுமா?

இந்த ‘வைத்துப் பார்க்கும்’ முறை வெறும் உவமை இல்லை. 1963-ல் பெஞ்சமின் விடம் என்பவர் சொன்ன இந்த உத்தியை இன்றும் சிமுலேஷன்களில், அதாவது கணினிக்குள் நடத்திப் பார்க்கும் சோதனைகளில், பயன்படுத்துகிறார்கள். இந்தக் கணக்கையே இன்னும் ஒரு படி நீட்டலாம். இரண்டு உருண்டைகள் சேர்ந்து, இரட்டை கனஅளவுள்ள ஒரே உருண்டையாக மாறலாம் என்று அனுமதித்தால், 30 சதவீத நெரிசலில் தராசு சேர்க்கையின் பக்கம் சுமார் ஒன்பது மடங்கு கூடுதலாகச் சாய்கிறது. வெறும் இட நெருக்கடி மட்டும் செய்யும் வேலை இது. இரண்டுக்கே இப்படி என்றால், பத்து இருபது புரதங்கள் கூடி உருவாக வேண்டிய கருவுக்கு எவ்வளவு சாதகம் என்று நினைத்துப் பாருங்கள்.

கூட்டத்தில் இருப்பவை எவ்வளவு பெரியவை என்பதும் முக்கியம். தேங்காய்க் குவியலுக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தை நுழைத்துவிடலாம், தேங்காய்களுக்கு நடுவில் அதற்கேற்ற சந்து இருக்கும். அரிசி மூட்டைக்குள் அதே எலுமிச்சம்பழத்தை நுழைக்க, அரிசி ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அதேபோல ஒரே 30 சதவீத இடத்தைச் சின்னச் சின்ன உருண்டைகளால் நிரப்பினால் நெரிசலின் விளைவு கூடுகிறது, பெரிய உருண்டைகளால் நிரப்பினால் குறைகிறது. நெரிசல் எத்தனை சதவீதம் என்று மட்டும் சொல்வது போதாது என்பதற்கு இது முதல் காரணம்.

இனி கணினிக்கு வருவோம். எதற்குக் கணினி? மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாதா? வளர்ந்து முடிந்த நாரைப் பார்க்கலாம். ஆனால் இரண்டு, மூன்று, நான்கு புரதங்கள் கூடிக் கரு பிடிக்கும் அந்தத் தருணம் மிகச் சின்னது, மிகக் குறுகியது, உருவானதும் கலைந்துவிடவும் கூடியது. ஆய்வகக் கருவிகளின் கைக்கு அது அகப்படுவது அரிது. அதற்காகத்தான் இந்த உருண்டை விளையாட்டையே கணினிக்குள் நடத்துகிறார்கள்.

செய்முறை நியூட்டனுடையது. ஒவ்வொரு அணுவும் இப்போது எங்கே இருக்கிறது, அதன்மேல் மற்ற அணுக்கள் செலுத்தும் விசை எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். அந்த விசையில் அடுத்த கணம் அது எங்கே போகும் என்று பார்த்து நகர்த்த வேண்டும். மறுபடி விசை, மறுபடி நகர்வு. சிக்கல் எங்கே என்றால், அந்த ‘அடுத்த கணம்’ வழக்கமாக இரண்டு ஃபெம்டோ விநாடிதான். ஒரு ஃபெம்டோ விநாடி என்பது ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை இன்னும் பத்தாகப் பிரித்தால் வருவது. ஒரு மைக்ரோ விநாடி நேரத்தைப் பார்க்க 50 கோடி அடி எடுத்து வைக்க வேண்டும். அதுவும் தண்ணீரின் ஒவ்வொரு அணுவையும் சேர்த்து, லட்சக்கணக்கான அணுக்களுக்கு.

1977-ல் மெக்கம்மன், கெலின், கார்ப்ளஸ் மூவரும் முதன்முதலாக ஒரு புரதத்தை இப்படி ஓடவிட்டார்கள். மாட்டிலிருந்து எடுக்கப்படும் 58 மணிப் புரதம் ஒன்று. பார்த்த நேரம் சுமார் 9 பிக்கோ விநாடி (ஒரு பிக்கோ என்பது ஆயிரம் ஃபெம்டோ), அதுவும் ஏறக்குறைய வெற்றிடத்தில். 2010-ல் இதற்கென்றே கட்டிய ஆன்டன் என்ற கணினியில் அதே புரதத்தை, இம்முறை தண்ணீருக்குள், ஒரு மில்லி விநாடி ஓடவிட்டார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகளில் சுமார் பத்துக் கோடி மடங்கு. மார்ட்டின் கார்ப்ளஸ், மைக்கேல் லெவிட், அரியே வார்ஷெல் மூவருக்கும் 2013-ல் வேதியியல் நோபல் கிடைத்தது இந்தத் துறையை உருவாக்கியதற்காகத்தான். ஆனாலும் புரதம் திரள ஆய்வகத்தில் மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகிறது. மில்லி விநாடி அதன் வாசலுக்குக்கூட வராது.

அதனால் சில குறுக்கு வழிகள் தேவைப்படுகின்றன. முதல் வழி, அணு அணுவாகப் பார்க்காமல் நாலைந்து அணுக்களைச் சேர்த்து ஒரே மணியாக எண்ணுவது. மார்ட்டினி என்ற பிரபலமான முறை, பெரும்பாலும் நான்கு கன அணுக்களுக்கு (ஹைட்ரஜன் தவிர்த்த அணுக்களுக்கு) ஒரு மணி என்று வைக்கிறது. நுணுக்கம் குறையும், நேரம் நீளும். இரண்டாவது வழி, முழுப் புரதத்துக்குப் பதில் அதில் ஒட்டும் துண்டை மட்டும் எடுத்துக்கொள்வது. அமிலாய்டு பீட்டாவில் 16 முதல் 22 வரையுள்ள ஏழு மணிகள் இந்தத் துறையில் எல்லாருக்கும் பழக்கமான துண்டு. ஒரு முனையில் லைசின், அதற்கு நேர்மின்னூட்டம். மறுமுனையில் குளூட்டமிக் அமிலம், அதற்கு எதிர்மின்னூட்டம். நடுவில் தண்ணீரை வெறுக்கும் ஐந்து மணிகள், அவற்றில் இரண்டு ஃபீனைல்அலனின். இரண்டு துண்டுகள் பக்கத்தில் வந்தால் தலைகீழாகப் படுத்துக்கொள்ளும்: ஒன்றின் நேர்முனைக்குப் பக்கத்தில் மற்றதன் எதிர்முனை. கட்டிலில் இரண்டு பிள்ளைகளைத் தலைமாற்றிப் படுக்க வைப்போமே, அப்படி. வெறும் ஏழு மணிதான், ஆனாலும் ஆய்வகத்தில் நாராக வளர்கிறது, கணினியிலும் அடுக்கடுக்காகப் படுத்துக் காட்டுகிறது.

மூன்றாவது வழிதான் நமக்கு முக்கியம்: கூட்டத்தை எப்படி உள்ளே வைப்பது? மிக எளிய மாதிரியில் கூட்டம் என்பது வெறும் கடினமான உருண்டைகள். அவை யாரோடும் ஒட்டாது, இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். நடுவே நம் ஏழு மணித் துண்டுகளை விட்டுவிட்டு எத்தனை அடிக்குப் பிறகு சிறுதிரள் வருகிறது, அது எப்போது நாராக நிமிர்கிறது என்று எண்ணுகிறார்கள். இத்தகைய மாதிரிகளில் பொதுவாகத் தெரிவது பஸ் கதைதான். உருண்டைகளைக் கூட்டினால் துண்டுகள் சீக்கிரம் சேர்கின்றன. உருண்டைகள் சின்னதாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஆய்வகத்திலும் இதற்கு ஒத்த செய்தி உண்டு. டெக்ஸ்ட்ரான், ஃபைக்கால் போன்ற பெரிய சர்க்கரை மூலக்கூறுகளை நிறையக் கலந்தபோது ஆல்ஃபா சைனூக்ளின் நாராகும் காத்திருப்பு நேரம் குறைந்ததை 2002-லேயே கண்டார்கள்.

இதோடு நிறுத்திக்கொண்டால் ‘நெரிசல் கூடினால் நோய் கூடும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அப்படி முடிப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏனென்றால் அதே நெரிசல் எதிர்ப்பக்கமும் இழுக்கிறது.

கூட்டத்தில் நடக்கும் வேகம் குறையும். மண்டைக்காடு கொடை நாளில் கடற்கரையிலிருந்து கோயில் நடைக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று தெரியுமல்லவா? பச்சையாக ஒளிரும் ஜி.எஃப்.பி. என்ற புரதம் தண்ணீரில் அலைவதைவிட ஈ. கோலை செல்லுக்குள் சுமார் பத்து மடங்கு மெதுவாக அலைகிறது. இரண்டு புரதம் சேர வேண்டுமென்றால் முதலில் சந்திக்க வேண்டும். சந்திப்பே தாமதமானால் திரள்வதும் தாமதமாகும். அதனால் நெரிசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் முதலில் வேகம் கூடுவதும், ஒரு கட்டத்துக்கு மேல் எல்லாம் இறுகிப்போய் வேகம் குறைவதும் நடக்கலாம்.

இன்னொன்று, நெரிசல் விரிந்து கிடப்பதை விரும்பாது. பஸ்ஸில் கையை விரித்து நிற்க முடியுமா? அவிழ்ந்த புரதம் அதிக இடம் பிடிக்கும், மடிந்த புரதம் குறைவாகப் பிடிக்கும். ஆகவே நல்ல மடிப்புள்ள புரதத்தை நெரிசல் மடிந்தபடியே இருக்கச் சொல்கிறது. அவிழ்ந்தால்தான் திரளும் என்ற வகைப் புரதத்துக்கு இது ஒரு காவல். மடிப்பே இல்லாத ஆல்ஃபா சைனூக்ளின் போன்றவற்றுக்கு அந்தக் காவல் இல்லை. ஒரே கூட்டம், ஒரு புரதத்துக்கு வேலி, இன்னொன்றுக்குப் பொறி.

மூன்றாவது விஷயத்தைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். செல்லுக்குள் இருக்கும் கூட்டம் கண்ணாடிக் கோலி இல்லை. அவையும் புரதங்கள்தான்; அவற்றுக்கும் மின்னூட்டம் உண்டு, ஒட்டும் இடங்கள் உண்டு. நம் துண்டு போகிற வழியில் அவற்றோடு கொஞ்சம் ஒட்டி, கொஞ்சம் விலகிப் போகும். தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கும் திருவிழாவில் நாலடிக்கு ஒருவர் பிடித்துக்கொண்டு “மக்ளே, எப்ப வந்தா?” என்று விசாரிப்பதைப் போல. அப்படிப்பட்ட கூட்டத்தில் துண்டுகள் அங்கங்கே சிதறி மாட்டிக்கொண்டு, ஒன்றையொன்று சந்திப்பது குறையலாம். மாறாக, ஒரு கூட்ட மூலக்கூறின் மேற்பரப்பிலேயே பல துண்டுகள் வந்து உட்கார்ந்து, அதுவே பனங்கற்கண்டு நூலாகி, கரு பிடிக்க மேடையாகவும் ஆகலாம். ஒட்டும் பலம் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

2010-ல் மெக்கஃபி, எல்காக் என்ற இருவர் ஈ. கோலையின் உட்பகுதியையே கணினியில் கட்டினார்கள். 50 வகைப் பெருமூலக்கூறுகள், மொத்தம் ஆயிரத்துக்குச் சற்று மேல். அவற்றை வெறும் இடம் அடைக்கும் பொருள்களாக மட்டும் வைத்தபோது ஜி.எஃப்.பி.யின் வேகம் ஆய்வகத்தில் அளந்ததைவிட அதிகமாக வந்தது. மின்னூட்டத்தையும் ஒட்டும் குணத்தையும் சேர்த்த பிறகுதான் அளவு நெருங்கியது. கோலிக் கூட்டம் வேறு, புரதக் கூட்டம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆகவே ‘நெரிசல் புரதத் திரட்சியைக் கூட்டுகிறது என்று சிமுலேஷன் காட்டுகிறது’ என்று எங்கேயாவது படித்தால், கூட்டமாக எதை வைத்தார்கள் என்று முதலில் தேடுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: பெட்டி எவ்வளவு பெரிது? சிமுலேஷன் பெட்டிக்குச் சுவர் கிடையாது. வலதுபுறம் வெளியே போன மூலக்கூறு அதே கணம் இடதுபுறமாக உள்ளே வரும். அதனால் சின்னப் பெட்டியை வைத்தே முடிவில்லாத கரைசல் போல நடிக்கலாம். ஆனால் செறிவு விஷயத்தில் அந்த நடிப்பு பலிக்காது. பக்கத்துக்குப் பத்து நானோமீட்டர் உள்ள பெட்டியில் ஆறே ஆறு துண்டுகளை விட்டாலும் அது 10 மில்லிமோலார் செறிவு. ஆய்வகத்தில் வழக்கமாக எடுப்பது மைக்ரோமோலார் கணக்கில், அதாவது ஆயிரம் மடங்கு குறைவாக. உடம்பில் அமிலாய்டு பீட்டா அதைவிடவும் மிகக் குறைவு. கூட்டத்தையே வைக்காத பெட்டிகூட ஒரு வகையில் ஏற்கெனவே நெரிசல்தான். கணினியில் மைக்ரோ விநாடியில் சேர்ந்துவிட்டது என்றால் மூளையிலும் அப்படிச் சேரும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எது முதலில், எது பிறகு, எந்த வடிவத்தில் என்ற வரிசையைத்தான் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

உடம்பில் நெரிசலின் பலத்தைக் கண்கூடாகக் காட்டும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று ரத்தம். சிவப்பணுவுக்குள் லிட்டருக்குச் சுமார் 330 கிராம் ஹீமோகுளோபின் அடைந்து கிடக்கிறது. அரிவாள் செல் நோயில், ஹீமோகுளோபினில் உள்ள பீட்டா சங்கிலி என்ற மாலையின் ஆறாவது மணியாகிய குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்துவிடுகிறது. ஒரே ஒரு மணி. ஆக்சிஜனை இறக்கிய பிறகு அந்த ஹீமோகுளோபின்கள் நார் நாராகக் கோத்துக்கொண்டு, செல்லையே அரிவாள் மாதிரி வளைத்துவிடுகின்றன. நம் நாட்டில் இது முதலில் பதிவான இடங்களில் நீலகிரியும் ஒன்று. 1952-ல் அங்கே பழங்குடி மக்களிடம் கண்டார்கள். நார் தொடங்கும் வேகம் செறிவின் சுமார் 30-ஆம் அடுக்காக ஏறுகிறது என்று 1970-களில் அளந்தார்கள். செறிவு வெறும் 5 சதவீதம் கூடினால் வேகம் நான்கு மடங்குக்கு மேல் என்று அர்த்தம். அந்த நோயாளிகளை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வதில் இந்தக் கணக்கும் இருக்கிறது. உடம்பில் நீர் வற்றினால் செல்லுக்குள் நெரிசல் ஏறும்.

இரண்டாவது இடம் கண். கண் லென்ஸில் கிரிஸ்டலின் என்ற புரதங்கள் லிட்டருக்கு 300 கிராமுக்கு மேல் நெருக்கியடித்து நிற்கின்றன. உடம்பிலேயே மிக நெரிசலான இடங்களில் ஒன்று. லென்ஸின் நடுப்பகுதியில் இருக்கும் புரதம் நாம் பிறக்கும் முன்பே உருவானது. அதை மாற்றிப் புதிது வைக்க அங்கே வழியில்லை. எழுபது வயதுப் பாட்டியின் லென்ஸ் நடுவில் எழுபது வருடப் பழைய புரதம். அவ்வளவு நெரிசலில், அவ்வளவு காலம், கண்ணாடி போலத் தெளிவாக இருந்திருக்கிறது! அந்தக் கிரிஸ்டலின்களில் ஒரு வகை, அவிழ ஆரம்பிக்கும் மற்றவற்றைப் பிடித்துத் தாங்கும் வேலையையும் செய்கிறது. வருடக்கணக்கில் சேதம் சேர்ந்து, தாங்கும் கைகளும் தீர்ந்த பிறகுதான் கிரிஸ்டலின்கள் திரண்டு, வெளிச்சத்தைச் சிதறடித்து, புரை விழுகிறது.

அக்கா மகளுக்கு இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை அறுவை முடிந்திருக்கிறது. “அப்போ மூளையில படியறதும் இதே நெரிசல்தானா?” என்றாள். அங்கேயும் கவனம் வேண்டும் என்றேன். அமிலாய்டு பீட்டாவின் படிவுகள் பெரும்பாலும் செல்லுக்கு வெளியே இருப்பவை. செல்லுக்கு உள்ளே இருக்கும் கூட்டம் வேறு, வெளியே இருக்கும் கூட்டம் வேறு. ஈ. கோலை கணக்கை அப்படியே தூக்கி அங்கே வைக்க முடியாது.

அதற்கப்புறம் அவளே தன் பழைய லேப்டாப்பில் ஒரு சின்ன புரோகிராம் எழுதியிருக்கிறாள். தட்டையான பெட்டிக்குள் வட்டங்கள். சிவப்பு வட்டங்கள் ஒன்றோடொன்று லேசாக ஒட்டும், சாம்பல் வட்டங்கள் சும்மா இடத்தை அடைக்கும். சாம்பலே இல்லாமல் ஓடவிட்டால் சிவப்புகள் சேர்ந்தும் பிரிந்தும் திரிகின்றன. சாம்பலைக் கூட்டினால் சிவப்புகள் கொத்தாகி நிற்கின்றன. இன்னும் கூட்டினால் எல்லாமே நின்ற இடத்தில் நடுங்குகின்றன, கொத்து பிடிக்கவே ராத்திரி முழுக்க ஆகிறது. போன வாரம் சாம்பல் வட்டங்களுக்கும் சிவப்பின்மேல் கொஞ்சம் ஒட்டும் குணம் கொடுத்தாள். காலையில் போனில் கூப்பிட்டு, “மாமா, கொத்து கலைஞ்சு போச்சு. ஒட்டுறத எவ்வளவு வச்சா மறுபடியும் சேரும்னு பாக்கப்போறேன்” என்றாள். ஷீட் அடிக்கும் மெஷின் சத்தத்துக்கு நடுவில் அவள் குரல் பாதிதான் கேட்டது.